சாச்சாவின் சம்மதம்

இழுத்துப் பிடிம்மா, நடுவுல தொங்குது பாரு, என்கிறார் சர்வேயர். இழுத்துத்தான் பிடித்திருக்கிறேன். டேப்பின் நுனியில் ஒரு தகரக் கொக்கி இருக்கிறது, அதைச் சுவர் மூலையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தணும், அழுத்தினால் விரலை வெட்டுகிறது, கொஞ்சம் தளர்த்தினால் தொங்குது தொங்குது என்று கத்துகிறார். இவர் ஒரு ஆளோடுதான் வந்தார். சாலிஹ் சாச்சா அந்த ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ள மதினி இத்தாவுல இருக்காங்க, நீங்க ஒருத்தர் வர்றதே எனக்கு சங்கடமா இருக்கு, புள்ள நுனியைப் பிடிக்கும், என்றார். புள்ள நான். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்ததிலிருந்து உம்மா நடு அறையை விட்டு வெளியே வரவில்லை, கணவர் போன பெண் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, அந்நிய ஆண் என்றால் சாச்சாவும்தான், கணவரின் தம்பிதானே. அதனால் சாச்சாவுக்கு உம்மாவிடம் ஏதாவது கேட்கணும் என்றால் என்னிடம் கேட்கிறார், நான் திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்கிறேன், உம்மா சொன்னதை இந்தப் பக்கம் கொண்டுவருகிறேன். வீட்டை அளக்க ஆள் வரட்டுமான்னு உன் உம்மாட்ட கேளு. உம்மா வரட்டும்ங்கிறாங்க. இப்படியே வீட்டைப் பிரிக்கிற பேச்சு முழுக்க என் வாய் வழியாகத்தான் போனது. போஸ்ட்மேனுக்குக் கூட உறைக்குள்ள இருக்கிறது தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். என்னிடம் இன்னொன்றும் இருக்கிறது, இன்னும் யார் வழியாகவும் போகாதது. சாச்சா, வாப்பா எழுதினதுக்கு சம்மதம்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அளந்து முடிவதற்குள் சொல்லணும், ஏனென்றால் முடிந்ததும் சர்வேயர் தரையில் கோடு போடுவார், கோடு போட்ட பிறகு அதை யாரும் அழித்து நான் பார்த்ததில்லை. ஏம்மா, தூங்கிட்டியா, அடுத்த மூலை, என்கிறார். பாய், இந்த வீட்டுல ஒரு செவராவது நேரா நிக்குதா, கொத்தனாருக்கு ஒத்தக் கண்ணா, என்று சாச்சாவிடம் கேட்கிறார். சாச்சா சிரிக்கிறார். அந்தக் கொத்தனார்ட்ட பேரம் பேசினது எங்க காக்கா, கொடுத்த காசுக்கு இவ்வளவுதான் நேரா வரும்னு அவன் சொல்லிட்டுப் போயிட்டான். சொல்லிவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறார். காக்கா என்று அவர் சொல்வது என் வாப்பாவை. அவர் பேரைச் சொல்லிச் சிரித்துவிட்டோமே என்று நினைத்திருப்பார். நானும் சிரித்துவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவே வராது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றதற்கு எல்லாரும் வாப்பாவுக்கு உடம்பு முடியாததைக் காரணமாகச் சொல்கிறார்கள், பொய், எனக்குப் பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன், அவருக்கு முடியாமல் போனது அதற்கு அப்புறம். பின்னக் கணக்கு என்றாலே பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. ஒரே மகள் எனக்குப் பாதி. ஆண்பிள்ளை இல்லாததால் மிச்சம் வாப்பாவின் தம்பிக்கு. மார்க்கத்தில் உள்ள கணக்கு, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பள்ளிவாசல் ஆலிம்சா அடக்கம் முடிந்த அன்றைக்கே பொறுமையாகச் சொன்னார், தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இனி சாச்சாதான் எல்லாம், நிக்காஹ்வுக்கு வலியாக, பெண்ணின் பொறுப்பாளராக, நின்று கொடுக்கவேண்டியவரும் அவர்தான், அந்தப் பொறுப்புக்குத்தான் அந்தப் பங்கு. சரிதான். ஆனால் எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. எத்தனையோ காலமாக அப்படித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவார், அதனால் நிக்காஹ் அன்றைக்கு வீட்டைப் பெண் பெயருக்குக் கொடுத்துவிடுவார்கள், பையன்கள் அடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லாம் உயிரோடு இருக்கும்போது கைமாறிவிடுவதால் சாவுக்கு அப்புறம் பிரிக்க ஒன்றும் இருக்காது. வாப்பா காத்திருந்தது அந்த நிக்காஹ் நாளுக்கு. மாப்பிள்ளை முகம் பார்க்காமல் வீடு எழுதக்கூடாது என்பார். இருமல் ரத்தமாக வந்தபோதுதான் பயந்துபோய் ஒரு காரியம் செய்தார், வசிய்யத் எழுதினார், உயில். தூத்துக்குடி போய் முத்திரைத்தாள் வாங்கி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து, எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், நான் இறந்த பிறகு இந்த வீடு முழுவதும் என் மகள் நஃபீலாவுக்கு என்று. அன்றைக்கு ஆட்டுக்கறி வாங்கி வந்தார். வாப்பா போன பிறகு வக்கீல் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு முதலில் கண்ணாடியைத் துடைத்தார். நல்லா எழுதியிருக்காரு, ஆனா பங்கு வர்ற வாரிசுக்கே உயில் எழுதினா அது செல்லாதும்மா, மத்த வாரிசு சம்மதிச்சாத்தான் உண்டு, என்றார். அதுவும் எழுதினவர் இறந்ததுக்கு அப்புறம் சம்மதிக்கணும். உம்மாவுக்குச் சம்மதம்தான், மிச்சம் சாச்சா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீ மைனரா இருக்கும்போதே, இந்த வீட்டை உனக்குக் கொடுத்துட்டேன்னு உங்க வாப்பா நாலு பேர் முன்னாடி வாயால சொல்லியிருந்தாலே போதும்மா, தகப்பன் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற ஹிபாவுக்கு, அதாவது தானத்துக்கு, தாளே வேண்டாம், என்றார். வாயால். எங்கள் வீட்டில் வாப்பாவின் வாய்க்கு ஓய்வே கிடையாது. கிரிக்கெட்டுக்குத் திட்டுவார், கரண்ட் போனால் திட்டுவார், பூனையோடு பேசுவார். அந்த ஒன்றை மட்டும் வாயால் சொல்லாமல் தாளில் எழுதினார். பெரிய விஷயம் என்பதால் தாளில் எழுதினார். அப்படி எப்போதாவது சொன்னாரா, நல்லா யோசிச்சுப் பாரும்மா, என்று வக்கீல் என் முகத்தைப் பார்த்தார், அவர் எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று புரிந்தது. யோசித்தேன். சொல்லியிருக்கிறார். உன் வீடுதானே, நீதான் கூட்டணும், எந்திரி, என்று வெள்ளிக்கிழமை காலையில் விளக்குமாற்றை எடுத்துக் கையில் திணிப்பார். ஆனால் அவர் சொன்னது வீட்டைக் கூட்ட வைப்பதற்கு, கொடுப்பதற்கு இல்லை. அது எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். சொல்லல சார், என்றேன். வெளியே வந்ததும் மாமா, உம்மாவின் தம்பி, தலையில் அடித்துக்கொண்டார். உனக்குப் பொழைக்கத் தெரியலடீ.

இப்போ முன் ஹால், என்கிறார் சர்வேயர். அந்த மூலையில்தான் வாப்பாவின் கட்டில் கிடந்தது. கட்டிலை எடுத்தாகிவிட்டது, நாலு கால்களின் தடம் சிமெண்டில் இருக்கிறது, கொக்கியை அதற்கு மேல் வைத்து அழுத்துகிறேன். மருந்து வாடை இன்னும் போகவில்லை, அல்லது எனக்கு மட்டும் அடிக்கிறது. முன் ஹாலும் தெருவாசலும் சாச்சா பங்கில் வரும் என்று ஏற்கெனவே பேச்சு. சாச்சா மகளுக்கு வருகிற மாப்பிள்ளை தெருவாசல் வழியாக வரணும், அவரைப் பின்பக்கம் முடுக்கு வழியாகவா கூட்டிவர முடியும். முடுக்கு என்பது பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக விட்ட சந்து. இனி நானும் உம்மாவும் அதில்தான் நுழையணும். எனக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தால் அவரும் அந்தச் சந்தில் தலையைக் குனிந்துகொண்டு வருவார். வரமாட்டார். பாதி வீட்டுக்கு இந்த ஊரில் எவன் வருவான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, போன வாரம் பார்க்க வந்த பெரியம்மாக்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்கள், அது வாப்பாவுக்கான உச்சு இல்லை. சாச்சா, சம்மதம்னு சொல்லிடுங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சாச்சா என்று ஆரம்பித்தால் யோசிக்கிறேன் என்று சொல்லிவிடுவார். உங்களுக்கே தெரியும் சாச்சா என்று ஆரம்பித்தால் எனக்கே அழுகை வந்துவிடும். அவரைத் திட்ட முடிந்தால் சுலபம். வாப்பாவின் மையித்தைக் குளிப்பாட்டியது அவர்தான், குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்து சட்டை ஈரத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார், யாரோ கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மூன்றும் பெண் அவருக்கு. இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தார். இப்போது அந்த வீட்டிலேயே மருமகன் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். இருந்த கடையும் இப்போது இல்லை. அடுத்தது ருகையா. ருகையாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை ஹாங்காங்கில் இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான், லீவு முடிவதற்குள் நிக்காஹ், வீடு எதுன்னு காட்டுங்க, என்று அவன் வீட்டில் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் உம்மாவின் இத்தா முடிவதற்குள்ளேயே இந்த டேப். வீடு பெண்ணுக்கு என்று ஊர் சொன்னதால்தான் வாப்பா எனக்கு எழுதினார், வீடு பெண்ணுக்கு என்று ஊர் சொல்வதால்தான் சாச்சா அதைப் பிரிக்கிறார். இதில் எந்த இடத்தில் நின்று யாரைத் திட்டுவது என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது. யோசித்தால் சுற்றிச் சுற்றி அதே மூலைக்குத்தான் வருகிறேன்.

நடு ரூமுக்கு நான் வரக்கூடாதுல்லா, என்கிறார் சர்வேயர், நீயே ரெண்டு பக்கமும் அளந்து சொல்லிரு, டேப்பைக் கொண்டு போ. திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன். உம்மா வெள்ளைச் சேலையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். காலடியில் ருகையா உட்கார்ந்து அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவள்தான். என்னடி, இவ்வளவு நேரம், டேப்ப முழுங்கிட்டியா, என்கிறாள். போடி, என்கிறேன். ராத்தான்னு கூப்பிடு, நான் ஒரு வருஷம் மூத்த அக்கா, மாப்பிள்ளை முன்னாடியும் வாடி போடின்னா மானம் போயிடும். ஆமா, உன் மானத்தத்தான் அளந்துட்டு இருக்கோம், என்கிறேன், நுனியைப் பிடி. பிடிக்கிறாள். எண்ணெய்க் கை வழுக்குகிறது, இரண்டு தடவை கொக்கி நழுவுகிறது, சிரிக்கிறாள், உம்மா எழுந்துவிடுவாள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உம்மா தூங்கவில்லை. இத்தனை நாளில் உம்மா தூங்குவதற்கும் தூங்குவதுபோல் கிடப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நேற்று ராத்திரி அவளிடம் சொன்னேன், நான் கேக்கப்போறேன். கேட்டுராத, என்றாள். கேட்டு அவர் இல்லேன்னுட்டா அப்புறம் அந்த முகத்தை வச்சுக்கிட்டு உனக்கு வலியா எப்படி வந்து நிப்பாரு, இருக்கிறது அவர் ஒருத்தர்தான். இல்லேங்காம சரின்னா, என்று கேட்டேன். உம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். சரின்னா வீடு உனக்கு, என்றாள். அந்தக் குரலில் ஆசை இருந்தது. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. கேட்டுராத என்று சொல்கிற அதே வாயில் அவ்வளவு ஆசை. அந்த ஆசையோடுதான் இப்போது சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள், திரைக்கு வெளியே நான் பேசுவது கேட்குமா என்று காதை வைத்துக்கொண்டு. நான் அளவைப் படித்துக் கத்துகிறேன், சர்வேயர் வெளியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்கிறார். குறைத்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது அப்புறம்தான் தோன்றுகிறது.

வெளியே வந்தால் சர்வேயர் கிணற்றடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாச்சா தனியாக ஹாலில் நிற்கிறார், கட்டில் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார், அதை மிதிக்காமல். இப்போதுதான். டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்கிறேன். சாச்சா, என்கிறேன், உள்ளே கேட்காத குரலில். வாப்பா எழுதினதுக்கு சம்மதம்னு சொல்லிடுங்க. சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா. சாச்சா திரும்பி என்னைப் பார்க்கிறார், பிறகு திரையைப் பார்க்கிறார். உம்மா சொல்லச் சொன்னாங்களா. இல்ல, உம்மா கேக்காதன்னாங்க, நான்தான் கேக்கேன். அவர் தொப்பியைக் கழற்றுகிறார், தலையைத் தடவிக்கொள்கிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார். கோபம் வரும் என்று நினைத்தேன், அதற்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். சரி, என்கிறார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா. சரி மவளே. எங்க காக்கா எழுதினதுக்கு நான் குறுக்க நிக்கல. நாளைக்கே வக்கீல்ட்ட வந்து கையெழுத்துப் போட்டுத் தாரேன். எனக்கும் இத்தனை நாளா தூக்கம் இல்ல. அவர் குரல் நடுங்குகிறது, பொய் நடுக்கம் இல்லை. ஒண்ணே ஒண்ணு, என்கிறார். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன், அவங்க என்ன பேசினாலும் கேட்டுக்கிறேன். ருகையாட்ட மட்டும் நீ போய்ச் சொல்லிடு. எனக்கு அவகிட்ட சொல்ல வாய் வராது. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வளர்ந்த புள்ளைங்க, நீ சொன்னா தாங்கிக்குவா. இவ்வளவுதான் கேட்டார். நியாயம்தான். வாங்கிக்கொள்கிறவள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா. யாரிடமும் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள் என்று எனக்கு இந்தத் தெரு முழுக்கப் பெயர். மாமி சமைத்த பிரியாணி உப்பு என்று கல்யாண வீட்டில் சொன்னவள், ஹெட்மாஸ்டரிடம் நீங்க நடத்துறது புரியல சார் என்று சொல்லிவிட்டு டிசி வாங்கியவள். போறேன், என்கிறேன்.

ஹாலிலிருந்து திரைவரை நடக்கிறேன். ருகையா, சாச்சா ஒத்துக்கிட்டாங்க, வீடு எனக்கு. இல்லை, ருகையா, நிக்காஹ் இப்போ இல்ல. இல்லை, ருகையா, வேற நல்ல இடம் வரும், அய்யய்யோ அது பெரியம்மாக்கள் பேச்சு. அவளுக்குத் தெரியும், வராது, வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கிருந்து வரும், அவளுக்கு அடுத்தவளும் இருக்கிறாள். சாச்சா இதைத் தெரிந்துதான் என்னை அனுப்பினாரா. நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்து. அப்படியானால் அவர் பெரிய கெட்டிக்காரர். இல்லை, குரல் நடுங்கியதே. உண்மையாகவே நடுங்கி, உண்மையாகவே சம்மதித்து, அதோடு நான் சொல்லமாட்டேன் என்றும் அவருக்கு எங்கேயோ தெரிந்திருக்கும், இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், உம்மாவுக்குள் இல்லையா. வாப்பா இருந்தால் என்ன சொல்லுவார். ஒன்றும் சொல்லமாட்டார், சொல்லவேண்டியதை எப்போது சொன்னார் அவர். திரை. திரையை விலக்குகிறேன். ருகையா உம்மாவின் இன்னொரு காலை மடியில் எடுத்து வைத்திருக்கிறாள், நிமிர்ந்து பார்க்கிறாள், நெற்றியில் எண்ணெய் ஒட்டியிருக்கிறது. மெதுவாக, உம்மாவுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, கேட்கிறாள். சுவர் எங்கடி வருது. வாயைத் திறக்கிறேன். எல்லாம் வாயில் இருக்கிறது, வரிசையாக, சுத்தமாக. அடுப்படி எங்களுக்கு, என்கிறேன், முன் ஹாலும் வலப்பக்க ரூமும் உனக்கு, சமைக்கிறதுக்கு ஓரமா ஒரு மேடை கட்டிக்கணும். என் குரல்தான் சொல்கிறது. அவள் முகம் மலரப் பார்த்து, உம்மாவின் காலைப் பார்த்ததும் அடங்குகிறது, வெட்கப்பட்டதுபோல. மேடை போதும்டி, ரெண்டு பேருக்கு எவ்வளவு பெருசா வேணும், என்கிறாள். அப்புறம் என் கையைப் பிடிக்கிறாள். உனக்கு எம்மேல கோவம் இல்லைல்ல. இருக்கு, என்கிறேன். சிரிக்கிறாள், நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன் என்று. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குக் கை கழுவப் போகிறாள். ருகையா அழும் சத்தம் வராததிலேயே, நான் சொல்லவில்லை என்று வெளியே சாச்சாவுக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கோடு போடுங்க, என்று சர்வேயரிடம் சொல்வது கேட்கிறது. இனி அவர்தான் எனக்கு வலி. என்றைக்காவது என்னைக் கேட்டு ஒருவன் வந்தால் இதே சாச்சா வந்து உட்கார்ந்து என்னைக் கொடுப்பார், நல்லா கொடுப்பார், கண் கலங்கிக் கொடுப்பார். உம்மா திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே கேட்கிறாள்.

கேட்டியாடி.

கேக்கல, என்கிறேன்.

நல்லது, என்கிறாள் உம்மா.